பேச்சுச் சிகிச்சையில் ஒரு வருடம்: எதை எண்ணுவது, எப்படி எண்ணுவது

டிசம்பரில் ஆண்டறிக்கை எழுத உட்காரும்போது பல பேச்சுச் சிகிச்சைப் பிரிவுகளின் கையில் இருப்பது ஒரேயொரு எண்தான்: எத்தனை பேர் வந்தார்கள். வந்து போன தலைகளை எண்ணுவது பஸ் கொண்டக்டரின் வேலை. கதைப்பதோடு குரல், கேட்டல், விழுங்கல் சிக்கல்களையும் பார்க்கும் பேச்சு மொழிச் சிகிச்சையின் கணக்கு வேறு. வந்தவரின் வாயில், காதில், சாப்பாட்டுக் கோப்பையில் என்ன மாறியது, அந்த மாற்றத்தில் நமது கை எவ்வளவு என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கான பதிலை டிசம்பரில் தேடினால் கிடைக்காது. முதல்நாள் அளந்து வைத்திருந்தால் மட்டுமே கிடைக்கும்.

யாழ்ப்பாணத்தில் கிளினிக், முன்பள்ளி, விசேட கல்விப் பிரிவு என்று எங்கே வேலை செய்தாலும் பின்பற்றக்கூடிய முறை இது. ஒரு கொப்பியும் அடிமட்டமும் ஒலிப்பதிவு செய்யக்கூடிய போனும் இருந்தால் போதும். கணினி இருந்தால் வசதி, இல்லையென்றால் குறையில்லை.

முதல்நாள் பக்கம்

ஒருவருக்கு ஒரு பக்கம். மேலே பெயருக்குப் பதில் ஓர் இலக்கம் போடுங்கள். பெயரும் இலக்கமும் சேர்ந்த பட்டியல் பூட்டிய அலுமாரியில் வேறாக இருக்கட்டும். பக்கத்தில் பிறந்த திகதி, வந்த திகதி, அனுப்பியவர், ஊர், வீட்டு மொழி ஆகியவற்றை எழுதுங்கள். வயதை மாதத்தில் எழுதுவது நல்லது. 2021 ஓகஸ்ட் 20இல் பிறந்த பிள்ளை 2025 பெப்ரவரி 10இல் வந்தால் நிறைவான வயது 41 மாதம். “நாலு வயசு” என்று எழுதிவிட்டால் அந்த ஏழு மாத வித்தியாசம் பிறகு எந்தக் கணக்கிலும் திரும்பி வராது.

பலர் விட்டுவிடும் இன்னொரு திகதி உண்டு. வீட்டில் முதன்முதல் சந்தேகம் வந்தது எப்போது? “ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்”, “தகப்பனும் மூண்டு வயசிலதான் கதைச்சவர்”, “நாக்கிலை வசம்பு உரைச்சுத் தடவுங்கோ” என்ற சமாதானங்களில் போன காலம் எவ்வளவு என்பது அந்தத் திகதிக்கும் வந்த திகதிக்கும் இடையில் இருக்கிறது. இரண்டு வயது நிறையும்போது ஏறக்குறைய ஐம்பது சொற்களும், இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வதும் எதிர்பார்க்கப்படும். அதற்குப் பிறகும் காத்திருந்த மாதங்களை எண்ணி வையுங்கள். ஒரு பிரிவின் ஆண்டுச் சாதனையில் மிகப் பெறுமதியான எண் இதுவாகக்கூட இருக்கலாம். அதைப் பிறகு பார்ப்போம்.

படப் பட்டியல்: கதிரையா, நாற்காலியா

உச்சரிப்பை அளக்கப் படங்கள் வேண்டும். சென்னையில் செய்த படத்தொகுதியை அப்படியே எடுத்தால் முதல் பக்கத்திலேயே இடறும். அங்கே நாற்காலி, சாவி, ஆரஞ்சு, துண்டு. இங்கே கதிரை, திறப்பு, தோடம்பழம், துவாய். பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கும், புள்ளித்தாள்தான் பிழை போடும்.

முப்பது சொற்கள் போதும். ஒவ்வொரு மெய்யும் குறைந்தது இரண்டு சொற்களில் வரவேண்டும். சொல்லின் முதலில் வரக்கூடியவை முதலிலும் நடுவிலும் வரவேண்டும். கதிரை, திறப்பு, பேணி, பாண், கச்சான், யன்னல், கத்தரிக்கோல், மீன், முட்டை, நண்டு, இறால், கிணறு, வாளி, குடை, பட்டம், அகப்பை, காகம், பல்லி, தேங்காய், நெற்றி என்று தொடங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். சொற்களை எழுதிக்கொடுத்து வாசிக்கச் சொல்லக்கூடாது, படம் மட்டும். நாங்கள் தொலைக்காட்சியை ‘ரிவி’ என்றும் கைவிளக்கை ‘ரோச்’ என்றும் எழுதுகிறோம், வாயால் சொல்வது வேறு. எழுத்தைப் பார்த்துப் புள்ளி போடுகிறவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

“இது என்ன?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பாவனையைச் சொல்லுங்கள், கதிரைக்கு என்றால்: “இதிலை இருக்கிறது.” அதற்கும் வராவிட்டால் நீங்களே சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். கேட்டுச் சொன்ன சொல் பெரும்பாலும் தானாகச் சொன்னதைவிடத் தெளிவாக இருக்கும். ஜனவரியில் தானாகச் சொன்னதையும் டிசம்பரில் கேட்டுச் சொன்னதையும் ஒப்பிட்டால் வராத முன்னேற்றமும் வந்ததாகத் தெரியும்.

ஒலிப்பதிவுக்கு மின்விசிறியை நிறுத்துங்கள். போன் பிள்ளையின் வாயிலிருந்து ஒரு அடி தூரத்தில், மேசையில் துவாய் ஒன்றின் மேல் இருக்கட்டும். கோயில் ஒலிபெருக்கி போடுகிற திருவிழா நாட்களில் பதிவைத் தள்ளிப்போடுவதுதான் புத்தி. ‘ச’வையும் ‘த’வையும் அந்தச் சத்தத்தில் யாராலும் பிரிக்கமுடியாது.

மெய்களை எண்ணுவது

சரியான மெய்களின் வீதம் என்ற அளவை 1982இல் ஷ்ரிபெர்க், க்வியாட்கோவ்ஸ்கி இருவரும் முன்வைத்தார்கள். சரியாக வந்த மெய்களை எல்லா மெய்களாலும் வகுத்து நூறால் பெருக்குவது, அவ்வளவுதான். ‘த்த’, ‘க்க’ போன்ற இரட்டிப்பை ஒன்றாக எண்ணுங்கள். ‘ண்டு’ போல வேறு மெய் சேர்ந்தால் இரண்டு.

மூன்று சொற்களில் செய்து பார்ப்போம். கதிரை: க, த, ர என்று 3. கத்தரிக்கோல்: க, த்த, ர, க்க, ல் என்று 5. மீன்: ம, ன் என்று 2. மொத்தம் 10. முதல்நாள் பிள்ளை “ததியை”, “தத்தயித்தோல்”, “மீன்” என்று சொல்கிறது. முதல் சொல்லில் ‘த’ மட்டும் சரி, 1. இரண்டாவதில் ‘த்த’வும் ‘ல்’லும், 2. மூன்றாவதில் 2. பத்துக்கு ஐந்து, 50 வீதம்.

இந்த 50ஐ மட்டும் எழுதி மூடிவிடாதீர்கள். எது எதுவாகிறது என்பதையும் எழுதுங்கள். இங்கே இரண்டு பழக்கங்கள் தெரிகின்றன: ‘க’ எல்லாம் ‘த’ ஆகிறது, ‘ர’ எல்லாம் ‘ய’ ஆகிறது. ‘க’வைச் சிகிச்சைக்கு எடுங்கள், ‘ர’வை வேண்டுமென்றே தொடாமல் விடுங்கள். சில மாதங்கள் கழித்து “கதியை”, “கத்தயிக்கோல்”, “மீன்” என்று வருகிறது: 2, 4, 2, மொத்தம் 8. 80 வீதம்.

இதில் பிடித்துக்கொள்ளவேண்டியது 80 என்ற எண்ணை அல்ல. ‘ர’ இன்னும் ‘ய’வாகவே நிற்கிறது, அதைத்தான். பிள்ளை வளர்ந்ததால் மட்டும் பேச்சு தெளிந்திருந்தால் இரண்டு ஒலிகளும் சேர்ந்து அசைந்திருக்க இடமுண்டு. தொட்டது நகர்ந்தது, தொடாதது நின்றது என்றால் நகர்த்தியதில் சிகிச்சைக்குப் பங்கு இருக்கிறது என்று துணிந்து எழுதலாம். இதை மேலதிகாரிக்கும் பெற்றோருக்கும் விளக்கத் தயங்கவேண்டாம். “ர இன்னும் வரேல்லையே” என்று குறைப்படும் தாய்க்கு அது அடுத்த தவணைக்குரிய வேலை என்று சொல்லலாம்.

எங்கள் பேச்சுக்குரிய இரண்டு விலக்குகளைப் புள்ளித்தாளின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘ழ’ பெரும்பாலும் ‘ள’வாகவே ஒலிக்கும். வீட்டில் எல்லாரும் “வாளைப்பளம்” என்றால் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும், அது பிழையல்ல. மறுபக்கம், ‘ற்ற’ இங்கே தன் ஒலியோடு இருக்கிறது. காற்று வேறு, காட்டு வேறு, காதால் கேட்டே பிரிக்கலாம். ஆறு வயதுப் பிள்ளை “காத்து” என்றால் முதலில் தாயையும் அம்மம்மாவையும் அந்தச் சொல்லைச் சொல்ல வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அதுதான் அளவுகோல். ‘85க்கு மேல் இலேசு, 50க்குக் கீழ் கடுமை’ என்ற பிரிப்பு ஆங்கிலப் பிள்ளைகளை வைத்து வந்தது. அதைத் தமிழ்ப் பிள்ளைக்குப் போர்த்தாமல், அதே பிள்ளையின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

புள்ளி போடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிகிச்சை கொடுத்தவரின் காது டிசம்பரில் தாராளமாகிவிடும். இதற்கு மருந்து: ஜனவரிப் பதிவையும் டிசம்பர்ப் பதிவையும் திகதி தெரியாதபடி கலந்து, பிள்ளையைத் தெரியாத இன்னொருவரிடம் கொடுத்துப் புள்ளி போடச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் முடியாவிட்டால் ஐந்தில் ஒருவருக்காவது செய்யுங்கள். இரண்டு பேரின் தீர்ப்பும் பத்துக்கு எட்டு மெய்யிலாவது ஒத்துவரவேண்டும். ஒத்துவராவிட்டால் பதிவின் தரத்தைப் பாருங்கள், குற்றவாளி பெரும்பாலும் மின்விசிறிதான்.

வசனத்தின் நீளம்

பேச்சு பிந்திய பிள்ளைக்கு உச்சரிப்பைவிட வசனம் முக்கியம். விளையாடவிட்டு, தானாகச் சொன்ன 50 கூற்றுகளை எழுதுங்கள். “ஓம்”, “இல்லை”, பாட்டு வரி, நீங்கள் சொன்னதையே திருப்பியது எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். மொத்தச் சொற்களை 50ஆல் வகுத்தால் சராசரி நீளம்.

ஆனால் தமிழில் இந்தச் சராசரி ஏமாற்றும். “நான் போகமாட்டன்” இரண்டே சொல். அதற்குள் ஆள், மறுப்பு, இனி நடக்கப்போவது மூன்றும் அடங்கிவிட்டன. “அம்மா பாண் தா” மூன்று சொல், விகுதியோ உருபோ ஒன்றுமில்லை. சொல்லை மட்டும் எண்ணினால் இரண்டாவது பெரிதாகத் தெரியும். ஆகையால் பக்கத்தில் இன்னொரு பட்டியல் வையுங்கள்: -அன் (வாறன்), -க்கு (எனக்கு), -ஓட (அம்மாவோட), -ஏல்லை (போகேல்லை), -மாட்டன், -இட்டன் (குடிச்சிட்டன்), -ஏக்கை (வரேக்கை), -ஆல் (மழை பெய்தால்), -கள், -ஓ என்ற கேள்வி. ஒவ்வொன்றும் வெவ்வேறு சொற்களில் மூன்று முறை வந்தால் சரி போடுங்கள். ‘பத்தில் 2இலிருந்து பத்தில் 7’ என்று எழுதினால் வாசிப்பவருக்கும் விளங்கும். “வீட்டை போறன்” என்று பிள்ளை சொன்னால் “வீட்டுக்கு” என்று திருத்திப் பிழை போடவேண்டாம். ஊரே அப்படித்தான் சொல்கிறது.

யாருக்கு விளங்குகிறது

மக்லவுட் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஒரு சிறிய அளவை ஐந்து நிமிடத்தில் முடியும். ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. பிள்ளை கதைப்பது பெற்றோருக்கு, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு, சொந்தக்காரருக்கு, சிநேகிதருக்கு, அயலட்டைக்கு, ரீச்சருக்கு, முன்பின் தெரியாதவருக்கு எவ்வளவு விளங்குகிறது என்று தாய் அல்லது தகப்பன் சொல்லவேண்டும். கூட்டி ஏழால் வகுக்கவேண்டும். முதல்நாள் 5, 5, 4, 3, 3, 2, 1 என்றால் 23, சராசரி 3.3. வருட முடிவில் 5, 5, 5, 5, 4, 4, 3 என்றால் 31, சராசரி 4.4. அறிக்கையில் சராசரியோடு கடைசி எண்ணையும் தனியே போடுங்கள். கடைக்காரருக்கு 1ஆக இருந்தது 3ஆனது என்பதைத் தாய் நன்றாக உணர்வாள். தாய்க்கு விளங்குவது முதல்நாளே 5தான், அங்கே நகர இடமில்லை. ஒரே ஆளிடமே இரண்டு தடவையும் கேளுங்கள். ஜனவரியில் தாயும் டிசம்பரில் அப்பப்பாவும் பதில் சொன்னால் அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம்.

விழுங்கல்: கோப்பையில் தெரியும் கணக்கு

பாரிசவாதத்துக்குப் பிறகு விழுங்கக் கஷ்டப்படுபவர்களின் முன்னேற்றத்தை அளக்க, க்ரேரி குழுவினரின் 2005ஆம் ஆண்டின் ஏழு படி அளவை கைக்கு எளிது. 1 என்றால் வாயால் ஒன்றுமில்லை. 2, குழாய் உணவு, வாயால் சும்மா சிறு முயற்சி. 3, குழாயோடு வாயாலும் ஒழுங்காக. 4, குழாய் இல்லை, ஆனால் ஒரே பதத்தில்தான் எல்லாம். 5, பல பதங்கள், விசேடமாகத் தயாரித்தோ விழுங்கும் முறையை மாற்றியோ. 6, விசேட தயாரிப்பில்லை, சில சாப்பாடுகள் மட்டும் விலக்கு. 7, தடையில்லை.

படியை எழுதுமுன் ‘பதம்’ என்றால் என்ன என்று எல்லாரும் ஒரே அளவில் ஒத்துக்கொள்ளவேண்டும். “கொஞ்சம் தடிப்பாக் கரைச்சுக் குடுங்கோ” என்று வாட்டில் சொன்னால் ஒரு வீட்டில் கஞ்சித்தண்ணி, இன்னொரு வீட்டில் களி. சர்வதேச பதத் தரப்படுத்தலான ஐ.டி.டி.எஸ்.ஐ. இதற்கென்றே ஒரு சிரிஞ்ச் சோதனை வைத்திருக்கிறது.

10 மில்லிலீற்றர் சிரிஞ்சை எடுத்து 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை அடிமட்டத்தால் அளவுங்கள். 61.5 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். நீளம் வேறானால் அந்தச் சிரிஞ்சின் விடை செல்லாது. பலர் தவறுவது இங்கேதான். தண்டைக் கழற்றி, நுனியை விரலால் மூடி, கொடுக்கப்போகும் சூட்டிலேயே பானத்தை 10 வரை நிரப்புங்கள். விரலை எடுத்து 10 செக்கன் ஓடவிட்டு மறுபடி மூடுங்கள். மிச்சம் 1 மில்லிலீற்றருக்குக் குறைவு என்றால் நிலை 0, வெறும் தண்ணீர். 1 முதல் 4 வரை நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8க்கு மேல், ஆனால் கொஞ்சமாவது ஓடியிருந்தால் நிலை 3. ஒரு துளியும் ஓடாவிட்டால் நிலை 4. அதைக் கரண்டியிலும் முள்ளுக்கரண்டியிலும்தான் சோதிக்கவேண்டும்.

கஞ்சி ஆற ஆறத் தடிக்கும். சூட்டில் நிலை 2 காட்டியது அரை மணியில் 3 ஆகலாம். அதே கஞ்சியில் எச்சில் பட்ட கரண்டியை விட்டுவிட்டு வைத்தால் எதிர்ப்பக்கம் போகும். எச்சிலிலுள்ள நொதி மாப்பொருளை உடைத்து இளக்கிவிடும். சாப்பிடும் கோப்பை வேறு, வார்க்கும் சட்டி வேறு என்று பிரித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஊர்ச் சாப்பாட்டில் மூன்றை வீட்டுக்காரரிடம் பெயர் சொல்லி எச்சரியுங்கள். ஒடியற்கூழ் தடிப்பாக இருப்பதால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். அதற்குள் நண்டுத் துண்டு, மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் மிதக்கும். திரவமும் திண்மமும் கலந்த அந்தப் பதம்தான் விழுங்கக் கடினமானது. வடித்து அரைத்தால் பார்க்கலாம். இடியப்பத்தில் சொதியை வார்த்தால் சொதி முந்திப் போய்விடும், இடியப்பம் வாயிலேயே கிடக்கும். பிட்டு உதிரும், உதிர்கிற சாப்பாடு நன்றாகக் குழையும்வரை வேண்டாம். மசித்த ஈரமான சாப்பாட்டில் பெரியவர்களுக்குத் துணுக்கு 4 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. முள்ளுக்கரண்டியின் இரண்டு பற்களுக்கு இடையிலுள்ள வெளி ஏறக்குறைய அவ்வளவுதான்.

வருடக் கணக்கில் படிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டை எழுதுங்கள்: மாத நிறை, நெஞ்சுச் சளி நோயால் வாட்டில் படுத்த தடவைகள். படி 3இலிருந்து 5க்கு ஏறி, இடையில் இரண்டு தரம் நிமோனியா வந்திருந்தால் அதைச் சாதனை என்று எழுத எங்கள் மனம் ஒப்பாது. நோய் வந்த திகதியும் அவசியம். முதல் மூன்று மாதத்தில் உடம்பு தானாகவே வேகமாக மீளும். அந்தக் காலத்தில் ஏறிய படியையும் ஆறு மாதம் தாண்டி ஏறிய படியையும் ஒரே நிரலில் போட்டால் கணக்கு நம்மைப் புகழும், உண்மை சொல்லாது.

மற்றவை, சுருக்கமாக

திக்குவாய்க்கு 300 அசை கொண்ட பேச்சு வேண்டும். தமிழில் அசை எண்ணுவது லேசு: புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். கத்தரிக்கோல் என்றால் க, த, ரி, கோ, நான்கு. எழுத்துத் தமிழை அல்ல, வாயில் வந்ததையே எண்ணவேண்டும். 300இல் 24 திக்கினால் 8 வீதம். ஒரே அசை ஐந்து தரம் திரும்பினாலும் ஒன்றுதான். சின்னப் பிள்ளைகளில் பலருக்குத் தானாகவே நின்றுவிடும் என்பதால் தொடங்கிய திகதியைக் கேட்டு எழுதுங்கள்.

குரல் அடைத்த ரீச்சர்மாருக்கு ஒரே மூச்சில் ‘ஆ’ எத்தனை செக்கன் நிற்கிறது என்று மூன்று தரம் பார்த்து மிக நீண்டதை எடுங்கள். குரல் அதிராத ‘ஸ்’ஸையும் குரல் அதிரும் ஆங்கில ‘z’ ஒலியையும் தனித்தனியே இழுக்கவைத்து நேரத்தை ஒப்பிடும் சோதனையை இங்கே விட்டுவிடலாம். தமிழில் அந்த ஒலி இல்லை, பலர் இரண்டையும் ‘ஸ்’ என்றே சொல்வார்கள்.

காது கேளாத பிள்ளைக்கு டானியல் லிங்கின் ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். வாயை மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எத்தனை மீற்றர் வரை கேட்கிறது என்று எழுதுங்கள். நேற்றுவரை கேட்ட ‘ஸ்’ இன்று கேட்காவிட்டால் முதலில் கருவியின் பற்றரியைப் பாருங்கள். பிறந்து 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் ஒத்துக்கொண்ட அளவு. உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அதற்குள் வந்தார்கள் என்ற எண்ணை வருடா வருடம் போடுங்கள்.

பேச்சு இழந்த பெரியவர்களுக்குச் சோதனைப் புள்ளியைவிட இலக்கடைவு அளவை பொருந்தும். கிரெசுக், ஷெர்மன் இருவரும் 1968இல் அமைத்தது. எதிர்பார்த்த இலக்கு 0, அதற்குக் குறைவு -1, -2, கூட +1, +2. பலசரக்குக் கடை வைத்திருந்தவர் என்றால்: ஒரு சொல்லும் வராத இன்றைய நிலை -2, கைகாட்டி “சீனி” என்று சொல்வது -1, “சீனி ஒரு கிலோ” என்று சொல்வது 0, விலையும் கேட்பது +1, மீதிக் காசைச் சரிபார்த்துக் கதைப்பது +2. இந்த ஐந்தையும் சிகிச்சை தொடங்குமுன் அவரோடும் வீட்டாரோடும் இருந்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு எழுதினால் அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் கீறுவதுபோல ஆகிவிடும்.

நின்றுபோனவர்கள்

அறிக்கையை அழகாக்குவதற்கு எளிய வழி, இடையில் நின்றவர்களை மறப்பது. அதைச் செய்யாதீர்கள். வருடத்தில் 40 பேர் தொடங்கி, 18 பேர் முடித்து அவர்களுக்கு முதல், கடைசி என்று இரண்டு அளவும் இருந்து, 12 பேர் தொடர்ந்து, 10 பேர் நின்றிருந்தால் நான்கு எண்ணையும் போடுங்கள். “18 பேரில் 15 பேர் முன்னேறினர்” என்ற வசனம் 40 என்ற எண்ணோடு சேர்ந்தே நிற்கவேண்டும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு வீதம் போடவேண்டாம், ‘12இல் 9’ என்றே எழுதுங்கள். சராசரியை ஒரேயொரு பிள்ளை இழுத்துவிடும். எண்களை வரிசையாக்கி நடுவிலுள்ளதை எடுப்பது நல்லது.

நின்ற காரணத்தைப் போனில் கேட்டு ஒரு சொல்லில் எழுதுங்கள்: தூரம், காசு, வேலை, சுகமாகிவிட்டது, பலனில்லை, இடம்பெயர்வு. நெடுந்தீவிலிருந்து வருகிறவருக்குக் குறிகட்டுவான் வரை படகு, அங்கிருந்து பஸ். 40 நிமிடச் சிகிச்சைக்கு ஒரு நாட்கூலி போகிறது. அப்படி மூன்று பேர் நின்றிருந்தால் அது அவர்களின் அக்கறையின்மை அல்ல, உங்கள் நேர அட்டவணை படகு நேரத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். அடுத்த வருடத் திட்டத்தில் முதல் வரி அதுவாகலாம்.

பிரிவின் சாதனை என்று எதைச் சொல்வது

இலங்கையில் இந்தத் தொழிலுக்கான பயிற்சி ராகமவிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1997இல் டிப்ளோமாவாகத் தொடங்கி 2008இல் பட்டப்படிப்பானது. அமெரிக்கச் சங்கம் 1925இலும் பிரித்தானிய அமைப்பு 1945இலும் தோன்றியதை வைத்துப் பார்த்தால் இங்கே தொழில் இளமையானது, தமிழில் அளவைகளும் படங்களும் அதனிலும் குறைவு. ஆகவே யாழ்ப்பாணச் சொற்களில் செய்த ஒரு படத்தொகுதி, ஒரு புள்ளித்தாள், விழுங்கல் பற்றிய ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரம் எல்லாமே எண்ணத்தக்க சாதனைகள். எத்தனை செய்தோம் என்பதோடு எத்தனை இடத்தில் பாவிக்கிறார்கள் என்றும் எழுதுங்கள். அலுமாரியில் கிடக்கிற பிரசுரத்துக்குப் புள்ளி இல்லை.

விழிப்புணர்வு நாட்களும் அப்படியே. மார்ச் 3 செவித்திறன், ஏப்ரல் 16 குரல், ஒக்டோபர் 22 திக்குவாய். பதாகை கட்டி, சிற்றுண்டி கொடுத்து, கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுவது வழமை. அதைவிட, அடுத்த மூன்று மாதத்தில் புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர், யார் அனுப்பினார்கள் என்று பாருங்கள். முதல்நாள் பக்கத்தில் எழுதிய பிறந்த திகதியும் சந்தேகம் வந்த திகதியும் வந்த திகதியும் இப்போதுதான் கைகொடுக்கும். காத்திருந்த மாதங்கள் குறைந்தனவா என்று பாருங்கள். பிள்ளைகள் முதன்முதல் வரும் வயதின் நடு எண் போன வருடம் 46 மாதம், இந்த வருடம் 39 மாதம் என்றால், குடும்பநல உத்தியோகத்தரோடும் முன்பள்ளி ரீச்சர்மாரோடும் இருந்து கதைத்த கதை வீண்போகவில்லை என்று அந்த ஓர் எண்ணே சொல்லும்.

படங்கள் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையின் முகம் தெரியும் படத்தை அறிக்கையில் போடவேண்டாம். ஒலிப்பதிவைப் பெற்றோரின் எழுத்து அனுமதியோடு மட்டும் எடுங்கள், கோப்புக்கு இலக்கமே பெயராக இருக்கட்டும், வட்ஸ்அப்பில் அனுப்பவேண்டாம். ஒருமுறை போன பதிவு எத்தனை குழுக்களில் சுற்றும் என்று யாருக்கும் தெரியாது. அனுமதி கேட்கும்போது “சிகிச்சைக்கு”, “கற்பித்தலுக்கு” என்று இரண்டு வேறு பெட்டிகள் வையுங்கள். முதலாவதுக்கு ஓம் சொன்னவர் இரண்டாவதுக்கும் ஓம் சொன்னதாக ஆகாது.

அறிக்கை நான்கு பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. முதல் பக்கத்தில் தொடங்கியவர், முடித்தவர், தொடர்பவர், நின்றவர். இரண்டாவதில் உச்சரிப்பு, விழுங்கல் என்று வகை வாரியாக முதல் எண்ணும் கடைசி எண்ணும். மூன்றாவதில் அசையாமல் நின்றவை, காரணத்தோடு. நான்காவதில் செய்த கருவிகளும் வரும் வயதும். பெற்றோருக்கு அதே எண்களில் தங்கள் பிள்ளையுடையது மட்டும் இருக்கும் அரைத்தாள் ஒன்று தமிழில் வேறாகப் போகட்டும். அதில் கீழே அடுத்த அளவெடுக்கும் திகதியை எழுதி, பின்பக்கம் அதே முப்பது படங்களின் பெயரை எழுதாமல் விடுங்கள். எழுதிக்கொடுத்தால் வீட்டில் அந்த முப்பதையும் பாடமாக்கிவிடுவார்கள்.